ஒரே இலைக்கு ரெண்டு பேர்: சென்னை டு டெல்லி, என் விமான அனுபவம்

ரெண்டு ஸ்டார். ஒண்ணு மறுநாள் காலையில விமானத்தைப் பூ மாதிரி இறக்கின பைலட்டுக்கு. இன்னொண்ணு, கவுண்டர்ல எல்லாரும் கத்திக்கிட்டு இருந்தப்ப யாரும் சொல்லாமலே தண்ணி பாட்டில் கொண்டுவந்து கொடுத்த டிராலி தள்ளுற பையனுக்கு. அவன் அந்த கம்பெனி ஆளே இல்லன்னு பிறகுதான் தெரிஞ்சுது. ஆனாலும் ஸ்டாரைத் திரும்ப வாங்க மனசு வரல.

கன்ஃபர்ம் டிக்கெட் இருந்தும் சீட் இல்லன்னு என்னை ஏத்தாம விட்ட கதை இது. விமானக் கம்பெனி பேரைப் போடல. சண்டை முடிஞ்சு காசு வந்துருச்சு, அது ஒரு காரணம். இன்னொண்ணு, பேரைப் போட்டா "அப்ப நான் வேற கம்பெனியில போறேன்"னு நீங்க நிம்மதியா போயிடுவீங்க. நடந்தது எந்த கம்பெனியிலயும் நடக்கக்கூடியது.

நான் கும்பகோணத்துல கல்யாண சமையல் கான்ட்ராக்ட் எடுக்கிறவன். இருபத்தாறு வருஷமா இதே தொழில். போன முகூர்த்த சீசன்ல டெல்லி ஆர்.கே.புரம் பக்கம் ஒரு கல்யாணம். பொண்ணு வீட்டுக்குப் பூர்வீகம் பாபநாசம். டெல்லி போய் நாப்பது வருஷம் ஆச்சு, ஆனா காலை டிபன்ல இட்லிக்குத் தொட்டுக்க எங்க ஊர் கடப்பா (பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் போட்ட குழம்பு) கண்டிப்பா இருக்கணும்னு சொல்லித்தான் என்னைப் பிடிச்சாங்க. கும்பகோணத்துக்காரன் இல்லாம கடப்பா வராதுன்னு பொண்ணோட அப்பாவுக்கு ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையை நான் கெடுக்கல.

ஆளுங்க ஒன்பது பேரை வியாழக்கிழமை ராத்திரி 10 மணி தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்ல ஏத்திவிட்டாச்சு. சனிக்கிழமை காலையில அவங்க டெல்லி. எனக்கு வெள்ளிக்கிழமை ஊர்லயே வேற ஒரு கல்யாணம். அதை முடிச்சுட்டு ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸ்ல ஏறி, சனிக்கிழமை விடியக்காலம் தாம்பரத்துல இறங்கி, குரோம்பேட்டையில தங்கச்சி வீட்டுல குளிச்சுச் சாப்பிட்டு, சாயந்திரம் 6.40 விமானத்துல டெல்லி. ராத்திரி பத்து மணிக்குள்ள மண்டபம், ரெண்டு மணிக்கு அடுப்பு. இதுதான் திட்டம். பெட்டியில பதினஞ்சு கவுளி வெத்தலை, ஈரத்துணி சுத்தி. அஞ்சு கிலோ காபித்தூள், முந்தின நாள் வறுத்து அரைச்சது. எடை பதினாலரை கிலோ. வீட்டுலயே தராசுல நிறுத்துப் பார்த்துட்டேன், 15 கிலோவுக்கு மேல போனா தீட்டிருவாங்க.

இப்ப ஒரு விஷயம். இது எனக்கு அப்பவே உறைச்சிருக்கணும். வெள்ளிக்கிழமை ராத்திரி தங்கச்சி பையன் போன்ல எனக்கு வெப் செக்-இன் பண்ணப் பார்த்தான். எல்லாருக்கும் 14பி, 22இ-ன்னு ஒரு நம்பர் வரும் பாருங்க, எனக்கு அந்த இடத்துல "சீட் விமான நிலையத்தில் ஒதுக்கப்படும்"னு வந்துச்சு. "ஃப்ரீ சீட் எல்லாம் தீந்திருக்கும் மாமா, காசு கட்டிப் பார்க்கலாமா"ன்னான். சரி கட்டுடான்னேன். காசு கட்டுற சீட்டும் ஒண்ணு விடாம சாம்பல் கலர்ல கிடந்துச்சு. முழுக் காசு கட்டி கன்ஃபர்ம்னு மெசேஜும் வந்த டிக்கெட்டுக்கு விமானத்துல ஒரு நாற்காலிகூட மிச்சம் இல்லன்னா என்ன அர்த்தம்? நான் யோசிக்கல. ஏர்போர்ட்ல பார்த்துக்கலாம்னு படுத்துட்டேன்.

திரிசூலம் ஸ்டேஷன்ல இறங்கி ரோட்டைத் தாண்டி டெர்மினல் உள்ள போறப்ப மணி நாலு அஞ்சு. அரை மணி வரிசை. கவுண்டர்ல இருந்த பொண்ணு ஸ்கிரீனைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, திரும்பவும் ஸ்கிரீனைப் பார்த்தது. "சார், அப்படி ஓரமா உட்காருங்க, நாங்களே கூப்பிடுவோம்." எதுக்கும்மான்னா, "சின்ன சிஸ்டம் இஷ்யூ சார்." பெட்டியையும் வாங்கிக்கல. பெட்டியோட ஓரமா உட்கார்ந்தேன். பசிக்கலைன்னாலும் எதிர்க்கடையில ஒரு காபி வாங்கினேன். 240 ரூபாய். தண்ணி காபி, டிக்காஷன் ரெண்டாவது இறக்கு. தொழில்காரன் நாக்கு, பொய் சொல்லாது. பில்லை மடிச்சுச் சட்டைப் பையில வச்சேன், ஊர்ல போய் எல்லார்கிட்டயும் காட்டி வயிறெரியலாம்னு. அந்த பில்லுல 4.52-ன்னு மணி அச்சாகியிருந்துச்சு. அதைப் பத்திப் பிறகு சொல்றேன்.

அஞ்சு பத்துக்குப் போய்க் கேட்டேன். "ரெண்டு நிமிஷம் சார்." அஞ்சரைக்கு, "மேலதிகாரி வர்றாங்க சார்." அதுக்குள்ள ஓரத்துல என்னோட சேர்த்து ஆறு பேர் ஆயிட்டோம். ஒரு வயசான தம்பதி, ஆபீஸ் பை மாட்டின ரெண்டு பேர், காலேஜ் படிக்கிற மாதிரி ஒரு பொண்ணு. ஆறு பேருக்கும் சொன்ன காரணம்தான் வேற வேற. தம்பதிகிட்ட "பெரிய விமானத்துக்குப் பதிலா சின்ன விமானம் வந்துருச்சு." ஆபீஸ்காரங்ககிட்ட "ஓவர்புக் ஆயிருக்கு, எங்க கையில இல்ல." அஞ்சே முக்காலுக்கு கோட்டுப் போட்ட ஒரு ஆபீசர் வந்து என் டிக்கெட்டைப் பார்த்துட்டு, "சார், நீங்க லேட்டா வந்திருக்கீங்க. கவுண்டர் ஒரு மணி நேரத்துக்கு முன்னாடியே க்ளோஸ்"ங்கிறாரு. நாலு மணிலேர்ந்து அவர் கண்ணு முன்னாடி பெட்டியோட உட்கார்ந்திருக்கேன், நான் லேட்டாம்!

அப்புறம் ஒரு தாளை நீட்டினாரு. நாளைக்கு விடியக்காலம் 5.35 விமானத்துல சீட், கூடவே 3,000 ரூபாய்க்கு வவுச்சர், அதை ஆறு மாசத்துக்குள்ள அவங்க விமானத்துலயே செலவு பண்ணணும். "இங்க ஒரு சைன் சார்." தாள் முழுக்க இங்கிலீஷ். கண்ணாடி பெட்டிக்குள்ள. எனக்கு இருந்த பதட்டத்துல பேனாவை வாங்கிட்டேன்.

அந்தக் காலேஜ் பொண்ணு எட்டிப் பார்த்துட்டு, "அங்கிள், போடாதீங்க"ன்னுச்சு. "இதுல நீங்களா விருப்பப்பட்டு சீட்டை விட்டுக் கொடுக்கிறதா எழுதியிருக்கு. இதுல கையெழுத்துப் போட்டா வேற எதுவும் கேக்க முடியாது."

சட்டக் கல்லூரி மாணவியாம். அந்த ஒரு வரியில என் 10,000 ரூபாய் தப்பிச்சுது.

அந்தப் பொண்ணு போன்ல எடுத்துக் காட்டினதை நான் பிறகு பொறுமையா படிச்சேன், தங்கச்சி பையனையும் படிக்கச் சொன்னேன். விமானப் போக்குவரத்துக்கு மேலே இருக்கிற அரசு அமைப்பு டி.ஜி.சி.ஏ. அவங்க 2010-லயே இதுக்கு விதி போட்டாங்க, 2016-ல தொகையைக் கூட்டினாங்க. இருக்கிற சீட்டைவிட ஓரளவு கூடுதலா டிக்கெட் விக்கிற வழக்கம் உண்டுன்னு அந்த விதியே ஒத்துக்குது. ஆக, விக்கிறது குத்தம் இல்ல. ஆனா ஆள் கூடிட்டா முதல்ல "யாராவது விட்டுக் கொடுக்கிறீங்களா, இன்னின்னது தர்றோம்"னு கேக்கணும். யாரும் முன்வரலைன்னாதான் வலுக்கட்டாயமா ஒருத்தரை நிறுத்தலாம். அப்படி நிறுத்தினா, முதல்ல சொன்ன நேரத்துலேர்ந்து ஒரு மணி நேரத்துக்குள்ள கிளம்புற வேற விமானத்துல ஏத்திவிட்டா நஷ்ட ஈடு இல்ல. 24 மணி நேரத்துக்குள்ளன்னா அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்ததுல ரெண்டு மடங்கு, உச்சவரம்பு 10,000 ரூபாய். 24 மணியைத் தாண்டினா நாலு மடங்கு, உச்சவரம்பு 20,000. அடுத்துதான் எனக்கு அப்பத் தெரியாமப் போன சங்கதி: "உங்க மாற்று விமானமே வேண்டாம்"னு சொல்லிட்டா டிக்கெட் காசு முழுசும் திரும்ப வரும், அதுக்கு மேல அதே நாலு மடங்கும் கிடைக்கும்.

இது எல்லாத்துக்கும் ரெண்டு நிபந்தனை. டிக்கெட் கன்ஃபர்ம் ஆனதா இருக்கணும், நீங்க நேரத்துக்கு வந்திருக்கணும். அதனாலதான் ஆபீசர் என்னை லேட்டுன்னாரு. அதனாலதான் தாள்ல "விருப்பப்பட்டு"ன்னு போட்டிருந்தாங்க. ரெண்டுமே அவசரத்துல வந்த வார்த்தைன்னு நான் நம்பல.

அந்தப் பொண்ணுக்கு மறுநாள் டெல்லியில ஏதோ தேர்வு. மாற்று விமானம் வேண்டாம்னு எழுதி வாங்கிக்கிட்டு, நின்ன நிலையில போன்லயே வேற கம்பெனி ராத்திரி 9.10 விமானத்துக்கு டிக்கெட் போட்டுது. 13,400 ரூபாய். "அங்கிள், இன்னும் ரெண்டு சீட்தான் காட்டுது, நீங்களும் போடுங்க"ன்னுச்சு. நான் டெல்லிக்கு போன் போட்டு, மாஸ்டர்கிட்டப் பேசி, பொண்ணு வீட்டுக்காரர்கிட்ட என்ன சொல்றதுன்னு யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள அந்த ரெண்டும் போச்சு. முடிவு எடுக்கத் தெரியாதவன் இல்ல நான். ஆயிரம் இலைக்கு நின்ன இடத்துல மெனு மாத்தியிருக்கேன். ஆனா அந்த வெளிச்சத்துல, அந்தச் சத்தத்துல, கையில வெத்தலைப் பெட்டியோட, மூளை வேலை செய்யல.

காலை விமானத்துக்கு ஒத்துக்கிட்டேன். ஆனா அந்தத் தாளுக்குக் கையெழுத்து இல்ல. "என் விருப்பத்துக்கு மாறாக ஏற்றாமல் நிறுத்தப்பட்டேன், வந்த நேரம் மாலை 4.05"னு பொண்ணு சொல்லச் சொல்ல இங்கிலீஷ்ல ஒரு வெள்ளைத் தாள்ல எழுதி, ஆபீசர்கிட்ட பேரும் நேரமும் கேட்டேன். பேர் சொல்ல மாட்டேன்னுட்டாரு. தாளை போட்டோ மட்டும் எடுத்துக்கிட்டேன்.

ராத்திரி தங்கச்சி வீடு. ரெண்டு மணிலேர்ந்து போன்ல வீடியோ கால். டெல்லி மண்டபத்துல கோட்டை அடுப்பு எரியுது, எங்க பெரிய மாஸ்டர் போனை ஒரு அரிசி மூட்டை மேல சாத்தி வச்சிருக்காரு. சாம்பார், பொங்கல், வடை எல்லாம் அவருக்கே அத்துப்படி. கடப்பாதான் எப்பவும் நான் கைவைக்கிறது. "பாசிப்பருப்பு குழையணும் அண்ணே, ஆனா மாவா ஆயிடக்கூடாது, உருளைக்கிழங்கைக் கையால உதிருங்க, கத்தி வேண்டாம். தேங்கா, பொட்டுக்கடலை, கசகசா, பச்சை மிளகா, சோம்பு. சோம்பைப் பார்த்துப் போடுங்க." பார்த்துன்னா எவ்வளவு? கண்ணாலதானே அளவு. போன்ல தெரியுமா கண்ணளவு? பொண்ணோட சித்தப்பா சனிக்கிழமை ராத்திரி கரோல்பாக் போய் ஏதோ காபித்தூள் வாங்கிட்டு வந்திருந்தாரு. என் தூள் குரோம்பேட்டையில மணத்துக்கிட்டுக் கிடக்கு.

காலை விமானத்தைப் பத்தி ரெண்டு வரி. நேரத்துக்குக் கிளம்புச்சு, நேரத்துக்கு இறங்குச்சு. சுடுதண்ணி ஊத்தி மூடி வச்சுத் தர்ற கப் உப்புமா வித்தாங்க. எட்டு நிமிஷம் பொறுக்கச் சொன்னாங்க, பொறுத்தேன். உப்பு சரி, ரவை பச்சை வாசனை. பக்கத்து சீட் ரெண்டும் காலியா இருந்துச்சு. அதைப் பார்த்து சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரியல.

மண்டபத்துக்குள்ள நுழையறப்ப மணி 9.40. தாலி ஏறியாச்சு. டிபன் கடைசிப் பந்தி. கடப்பா ஒரு கரண்டி எடுத்து நாக்குல வச்சேன்: சோம்பு தூக்கல், பருப்பு மாவு. சாப்பிட்டவங்க யாரும் குறை சொல்லல. பொண்ணோட அப்பா ஒரு வார்த்தை கேக்கல. "வந்துட்டீங்களா, சாப்பிட்டீங்களா"ன்னாரு, அவ்வளவுதான். திட்டியிருந்தா தேவலை. மத்தியானச் சாப்பாட்டை நின்னு முடிச்சுக் கொடுத்தேன். வெத்தலையில மூணு கவுளி ஓரம் கறுத்துப்போச்சு, மிச்சம் தாம்பூலத்துக்கு ஆச்சு. கணக்கு முடிக்கிறப்ப நானே 15,000 குறைச்சுக்கிட்டேன். அவர் வேண்டாம்னாரு, நான்தான் விடல.

இப்ப என் தொழில் கண்ணால இதை எப்படிப் பார்க்கிறேன்னு சொல்லணும். ஓவர்புக்கிங்னு கேட்டதும் எல்லாரும் கொள்ளைங்கிறாங்க. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஏன்னா நானும் அதே கணக்குதான் போடுறேன்.

ஐநூறு இலைன்னு ஒருத்தர் சொன்னா நான் ஐநூறுக்கு உலை வைக்க மாட்டேன். பத்திரிகை போன எல்லாரும் வர்றதில்ல. வளர்பிறை முகூர்த்தம்னா அதே நாள்ல நாலு கல்யாணம் இருக்கும், பாதிப் பேர் மொய் எழுதிட்டுக் கைகழுவாமலே அடுத்த மண்டபத்துக்குப் போயிடுவாங்க. ஊர், நாள், மழை, பொண்ணு வீடா மாப்பிள்ளை வீடா, எல்லாத்தையும் பார்த்து நானூத்து முப்பதுக்கு வைப்பேன். விமானக்காரனும் இதையேதான் பண்றான். எல்லா விமானத்துலயும் டிக்கெட் வாங்கிட்டு வராதவங்க சில பேர் இருப்பாங்க. கடைசி நேரத்துல தேதி மாத்துறவங்க, முந்தின விமானம் தாமதமாகி இதைத் தவற விடுறவங்க. கதவு மூடிட்டா அந்தக் காலி சீட் அவ்வளவுதான், மிஞ்சின சாதம் மாதிரி. அதை மறுநாள் விக்க முடியாது. அதனால 180 சீட்டுக்கு, பழைய கணக்கைப் பார்த்து, நாலோ ஆறோ கூட விக்கிறான். பெரும்பாலான நாள் கணக்கு சரியா வந்துரும், யாருக்கும் தெரியவே தெரியாது. என்னைக்காவது எல்லாரும் வந்து நின்னுடுறாங்க.

கணக்கு ஒண்ணுதான். ஆனா மூணு இடத்துல நாங்க வேற, அவங்க வேற.

சாப்பிட்ட இலைக்குத்தான் நான் காசு வாங்குவேன். வராதவன் இலைக்கு வாங்குறதில்ல. விமானத்துல, வராதவன் காசும் அவங்களுக்கே. அவனுக்குச் சட்டப்படி திரும்ப வர வேண்டியது வரியும் விமான நிலையக் கட்டணமும் மட்டும்தான், அதையும் கேட்டு வாங்குறவங்க எத்தனை பேர்? அதே சீட்டை இன்னொருத்தனுக்கும் வித்தாச்சு. ஒரே இலைக்கு ரெண்டு பேர்கிட்ட காசு. அப்படி ரெண்டு பேர்கிட்ட வாங்குறவன், என்னைக்கோ ஒருநாள் ரெண்டு பேரும் வந்து நின்னா கொஞ்சம் தாராளமா இருக்க வேண்டாமா? 3,000 ரூபாய் வவுச்சரா?

ரெண்டாவது, இலை பத்தலைன்னா எங்க வழக்கம் என்ன? வீட்டு ஆளுங்க கடைசிப் பந்தி. அதுவும் பத்தலைன்னா சமையல் ஆளுங்களுக்கு ரசம் சாதம். பசியோட வந்த விருந்தாளியை ஓரமா உட்கார வைக்கிறதில்ல. இவங்க வழக்கம் நேர்மாறு. அடிக்கடி பறக்குறவன், தங்க அட்டை வச்சிருக்கிறவன் மேல கை வைக்க மாட்டாங்க. தனி ஆள், குறைஞ்ச காசு டிக்கெட், கடைசியில செக்-இன் ஆனவன், இவங்கதான் மாட்டுவாங்க. அந்த ஆறு பேர்ல ஒருத்தர்கிட்டயும் கனமான அட்டை இல்ல.

மூணாவதுதான் பெரிசு. எங்க பந்தியில ஒருத்தர் மைக்குல, "வீட்டுக்காரங்க, இளவட்டங்க எல்லாம் அடுத்த பந்திக்கு இருந்துக்கங்கப்பா"ன்னு சொல்லுவாரு. நாலு பையன்கள் சிரிச்சுக்கிட்டே எழுந்து போவாங்க. வேலை முடிஞ்சுது. விமானத்துல 180 பேர் இருக்காங்க. அவசரமே இல்லாதவங்க, ஒரு நாள் கழிச்சுப் போனாலும் பரவாயில்லங்கிறவங்க ஆறு பேர் கண்டிப்பா இருந்திருப்பாங்க. மைக்குல கேட்டிருந்தா, 8,000 தர்றோம்னு சொல்லியிருந்தா, கை தூக்கியிருப்பாங்க. யாரும் கேக்கல. கேட்டா காசு ஏறும். ஓரமா உட்கார வச்சுக் கையெழுத்து வாங்கினா மலிவு.

இந்தக் கேக்குற முறையைக் கண்டுபிடிச்சதே ஒரு பொருளாதார வாத்தியாராம், ஜூலியன் சைமன்னு அமெரிக்காக்காரர். ஏலம் விடுங்க, யார் குறைஞ்ச தொகைக்கு இறங்க ஒத்துக்கிறானோ அவனை இறக்குங்கன்னு வருஷக்கணக்கா எழுதினாரு, விமானக் கம்பெனிங்க சிரிச்சாங்க. 1978-ல அங்க விமானத் துறையைக் கவனிச்ச ஆல்ஃபிரட் கான் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தாரு. அதுக்கு முன்னாடி 1972-ல, நுகர்வோர் உரிமைன்னாலே எல்லாருக்கும் ஞாபகம் வர்ற ரால்ஃப் நேடரையே ஒரு விமானத்துல ஏத்தாம விட்டு, அவர் போட்ட கேஸ் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. தங்கச்சி பையன் தேடிப் பிடிச்சுச் சொன்னான். சுவாமிமலைப் பக்கம் வாழைத்தார் ஏலத்துல பழகினவனுக்கு இது புரியாம இருக்குமா? நம்ம ஏலத்துல விலை ஏற ஏற ஆள் குறையும், இதுல விலை ஏற ஏற கை தூக்குறவன் கூடுவான்.

ஏலத்தைப் பாதியில நிறுத்தினா என்ன ஆகும்னும் எல்லாரும் பார்த்திருக்கோம். 2017 ஏப்ரல்ல வாட்ஸ்அப்ல சுத்துன வீடியோ. சிகாகோவுலேர்ந்து லூயிவில் போற யுனைடெட் விமானம். ஆளுங்க எல்லாம் உட்கார்ந்த பிறகு, விமான ஊழியர் நாலு பேருக்கு இடம் வேணும்னாங்க. 800 டாலர் வரைக்கும் போய் நிறுத்திட்டாங்க. அப்புறம் 69 வயசு டாக்டர் ஒருத்தரை சீட்டுலேர்ந்து தரதரன்னு இழுத்துட்டுப் போனாங்க, முகமெல்லாம் ரத்தம். அதுக்கப்புறம் அதே கம்பெனி, தானா இறங்குறவங்களுக்கு 10,000 டாலர் வரைக்கும் தரலாம்னு மாத்திக்குச்சு. இலையில உட்கார்ந்தவனை எழுப்பக் கூடாதுன்னு எங்க ஊர்ல சமையல் எடுபிடிக்குக்கூடத் தெரியும்.

ரயில்வேயை ஆயிரம் திட்டுறோம். ஆனா அவன் முகத்துக்கு நேரா சொல்றான், வெயிட்டிங் லிஸ்ட் 23, ஆர்.ஏ.சி 8-ன்னு. ஆர்.ஏ.சி-ன்னா ஒரு பெர்த்துல ரெண்டு பேர், காலை மடக்கிக்கிட்டு விடிய விடிய வரணும், தெரிஞ்சுதான் ஏறுறோம். விமானத்துல எனக்குக் கிடைச்சதும் வெயிட்டிங் லிஸ்ட்தான். டிக்கெட்டுல மட்டும் கன்ஃபர்ம்னு அச்சடிச்சிருந்தாங்க.

இனி காசு வந்த கதை. மொத்த டிக்கெட் 6,890. அதுல அடிப்படைக் கட்டணமும் எரிபொருளும் 5,210. ரெண்டு மடங்கு 10,420, உச்சவரம்பு இருக்கிறதால 10,000. கம்பெனி மெயிலுக்கு எழுதினேன். நாலு நாள்ல பதில்: "தாங்கள் தாமதமாக வந்ததால்..." ஒரு நிமிஷம் ரத்தம் கொதிச்சுது. அப்பதான் சட்டைப் பையில காபி பில். தங்கச்சி நல்லவேளை துவைக்கப் போடல. டெர்மினல் உள்ளே இருக்கிற கடை, 4.52. ஆறு நாப்பது விமானத்துக்கு அஞ்சு நாப்பதுக்குத்தான் கவுண்டர் மூடும். அந்த பில்லு, சீட் நம்பர் இல்லாத வெப் செக்-இன் ஸ்கிரீன்ஷாட், கையால எழுதின தாளோட போட்டோ, மூணையும் சேர்த்துக் கம்பெனியில புகாரைக் கவனிக்கிற நோடல் அதிகாரிக்கு அனுப்பினோம். ஒரு வாரம் சத்தம் இல்ல. அப்புறம் மத்திய அரசோட ஏர்சேவா தளத்துல புகார் பதிஞ்சோம். அது பதிஞ்ச மறுநாளே கம்பெனியிலேர்ந்து போன், ரொம்ப மரியாதையா, "சார், ஒரு 6,000 வவுச்சரா வாங்கிக்கிறீங்களா?" வவுச்சர் வேண்டாம்மா, ரூபாயாவே கொடுங்கன்னேன். நாப்பத்தோராவது நாள் பேங்க்ல 10,000.

வரலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போறதா இருந்தேன். நாம கொடுத்த காசு அஞ்சு லட்சம் வரைக்கும்னா புகாருக்குக் கட்டணம் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், வக்கீல் கட்டாயம் இல்ல. அந்தப் பொண்ணு சொல்லித்தான் தெரியும். அதுக்கு டிக்கெட் காசும், கூடவே 4,780-க்கு நாலு மடங்கு 19,120 ரூபாயும் இருபத்தாறே நாள்ல வந்துருச்சு. தேர்வும் நல்லா எழுதியிருக்கு. அடுத்த தடவை கும்பகோணம் வந்தா வீட்டுக்கு வந்து கடப்பா சாப்பிடணும்னு சொல்லியிருக்கேன், சோம்பு அளவா போட்டது.

தொகை போதுமான்னா, எனக்குப் போதல. 15,000 குறைச்சுக்கிட்டதை விடுங்க, அந்த வீட்டுல அடுத்த பொண்ணு கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடுவாங்களான்னு தெரியல. ஐரோப்பாவுல சென்னை டெல்லி தூரத்துக்கு இப்படி நிறுத்தினா 400 யூரோ. டிக்கெட் மலிவா இருந்தாலும் அதேதான், தூரத்தை வச்சுத்தான் கணக்கு. இங்க டிக்கெட் விலையை வச்சுக் கணக்கு, அதுக்கும் மூடி. விதி இருந்தாலும் கம்பெனிங்க தானா தர்றதில்லங்கிறதுக்கு அரசாங்கமே சாட்சி: 2022 ஜூன்ல இந்த நஷ்ட ஈடு விஷயத்துலதான் டி.ஜி.சி.ஏ. ஏர் இந்தியாவுக்கு 10 லட்சம் அபராதம் போட்டுச்சு. நான் போனது எதுன்னு இதை வச்சு ஊகிக்க வேண்டாம், நான் சொல்லப் போறதில்ல.

போகப் போறவங்களுக்கு: வெப் செக்-இன் திறந்த அன்னைக்கே பண்ணிடுங்க. சீட் நம்பர் வரலைன்னா அது சாதாரணம் இல்ல, அப்பவே போன் போட்டுக் கேளுங்க. டெர்மினல் உள்ள ஏதாவது வாங்குங்க, காபி நல்லா இருக்காது, பில்லு நல்லா இருக்கும். தாள் எதை நீட்டினாலும் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கிட்டுப் படிங்க. கண்ணாடியைப் பெட்டிக்குள்ள வைக்காதீங்க.

அடுத்த மாசம் பெங்களூர்ல ஒரு கல்யாணம், எழுநூறு இலை. விமானத்துல போகலாமேன்னு தங்கச்சி பையன் கேட்டான். மைசூர் எக்ஸ்பிரஸ்ல போட்டிருக்கேன். வெயிட்டிங் லிஸ்ட் 14.